பல்லாவரம் கேட்டில் கிடைத்த மூச்சு

1969-ல் என் இரண்டாவது குழந்தையும் வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு நெடுநாள் நான் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

சபையில் எழுந்து இந்தச் சாட்சியைச் சொல்ல எத்தனையோ முறை நினைத்தேன். எழுந்தாலே அழுகை வந்துவிடுகிறது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

1971-ல் மூன்றாவதாக உண்டானேன். ஐந்தாம் மாதம், நான் ஆசிரியையாக இருக்கும் தாம்பரம் பள்ளியில் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. மூச்சு வரவில்லை. விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "இதயமும் நல்லா இருக்கு, குழந்தையும் நல்லா இருக்கு. இது பயம்தாம்மா" என்றார்.

அந்தப் பயம் வாரத்தில் மூன்று நாள் வந்தது. "ஆண்டவரே, இதை என்னைவிட்டு எடுத்துப்போடும்" என்று மன்றாடினேன். போகவில்லை. கடைசியில் ஜெபமும் வரவில்லை. 'ஆண்டவரே' என்பதற்குமேல் வாயில் வார்த்தை இல்லை.

ஒரு ஞாயிறு மதியம், கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்தப் பயம் மறுபடியும் வந்தது. அடுத்த வீட்டுக் கமலா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். என்னைவிடச் சின்னவள். ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட்.

"இழுக்காதீங்கக்கா. மொதல்ல வெளியே விடுங்க. சூடான காபிய ஊதுற மாதிரி, மெதுவா."

ஊதினேன். பத்துப் பதினைந்து தடவைக்குள் நெஞ்சை இறுக்கிய கயிறு தளர்ந்தது.

"இது பிராணாயாமம்க்கா. எனக்கும் ஒரு சமயம் இப்படி வந்துச்சு, ஆபீஸ்ல ஒரு மேடம் சொல்லிக் குடுத்தாங்க. மாசமா இருக்கீங்க, மூச்ச அடக்கவே கூடாது. இழுக்கறதவிட விடறது நீளமா இருந்தா போதும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். இது நமக்கு ஆகுமா? ஒரு வாரம் அவள் கண்ணில் படாமலே இருந்தேன். பிறகு மனம் கேட்காமல் போதகரிடம் போனேன்.

"மூச்சு ஆண்டவர் குடுத்ததுதானேம்மா," என்றார் அவர். "உதவி கேட்டீங்க, பக்கத்து வீட்டுலேருந்தே அனுப்பிட்டாரு. அப்புறம் என்ன யோசனை?"

வெட்கத்தோடு கமலாவிடம் போய், நான் ஒதுங்கியதையும் போதகர் சொன்னதையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "நீங்க உங்க இயேசுவ நெனச்சுக்குங்க, நான் என் முருகன நெனச்சுக்கறேன். காத்து ஒண்ணுதானேக்கா!"

தினமும் சாயங்காலம் அவள் ஆபீஸிலிருந்து வந்ததும் இருவரும் கண்ணை மூடி உட்காருவோம். பயம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்பே, ஒரு காலையில் வலி கண்டது. என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஆபீஸுக்குக் கிளம்பிய கமலாதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு குதிரை ஜட்கா பிடித்து வந்து, என்னை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். பல்லாவரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போனது. கேட் திறக்கவில்லை. போன முறையும் இப்படித்தான் நாளுக்கு முன்பே வலி வந்தது என்று நினைத்தேன். அவ்வளவுதான், நெஞ்சு அடைத்தது.

கமலா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னையே பாருங்கக்கா. விடுங்க. இன்னும் விடுங்க."

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, அக்கா எப்படி கீது? பயப்படாத, தோ தொறந்துடுவான்."

அவளோடு சேர்ந்து மூச்சு விட்டேன். எப்போது தொடங்கியது என்று தெரியாது. மூச்சோடு மூச்சாக நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகும்போது, 'என்னோடிரும்.' வெளியே வரும்போது, 'உம்மிடம் விட்டுவிட்டேன்.' பல மாதங்களுக்குப் பிறகு நான் முடித்த ஜெபம் அது.

கேட் திறந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். மதியம் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. நர்ஸ் முதுகைத் தேய்த்தபடியே இருந்தார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் என் மகள் இழுத்த முதல் மூச்சை நான் என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. எனக்குப் பயம் இன்னும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். உட்கார்ந்து, மெதுவாக மூச்சை விட்டு, ஆண்டவரிடம் பேசுவேன். அது போய்விடும்.

உங்களில் யாருக்காவது நெஞ்சு அடைத்து ஜெபம்கூட வராமல் இருந்தால், விசுவாசம் குறைந்துவிட்டதென்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். நீங்கள் பாதியில் விட்ட ஜெபத்தையும் அவர் கேட்கிறார். நான் சாட்சி. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கமலாவும் இருப்பாள். பாய் விரித்து வைக்கிறேன்.