மூன்று ஆமென், ஒரு வாய்க்கால்

வடபாதி திருச்சபையின் போதகரான ஐயர் மருத்துவ விடுப்பில் ஊருக்குப் புறப்படுகிறார் என்றால், தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள் என்று பொருள். போன சட்டமன்றத் தேர்தலின்போது அந்த நாள் லெந்து என்கிற தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறாக அமைந்தது. காலை ஆராதனை முடிந்த கையோடு, அங்கியைக்கூட மடித்து வைக்காமல், முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு மயிலாடுதுறைப் பேருந்தில் ஏறினார் ஐயர். ஏறிய வேகத்தில் வலி ஒன்றும் தெரியவில்லை. கீழே நின்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் உபதேசியார் ஜெக்கரியா.

"ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க ஐயரே. நல்லா குணமாகி, ஓட்டு எண்ணி முடிச்சதும் வாங்க" என்று வழியனுப்பினார்.

ஐயர் இல்லாத நாட்களில் ஆலயத்துச் சாவி, மணிக்கயிறு, ஒலிபெருக்கி, தேடி வரும் வேட்பாளர்கள் எல்லாம் ஜெக்கரியாவின் பொறுப்பு. வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான உடம்பில், பக்கத்தில் இன்னொருவரையும் சேர்த்து அளவெடுத்துத் தைத்தது போன்ற வெள்ளை ஜிப்பா. மொபெட்டின் முன்பக்கப் பையில் வேதாகமம், பின்னால் தவிட்டு மூட்டை. பாடகர் குழுவுக்கு மட்டம் போடுகிறவர்களிடமும், ஆலய வளாகத்தில் ஆட்டைக் கட்டுகிறவர்களிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: "எல்லாத்தையும் ஆண்டவர் பாத்துக்கிட்டுதான் இருக்காரு. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." இது வெறும் பேச்சில்லை. ஜெபம் செய்யும்போது வலது கண்ணை மூடிக்கொள்வார். இடது கண் திறந்தேயிருக்கும்.

ஆலயத்துக்குத் தெற்கே வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம். நடுவே பாலம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மார்பளவுக்கு ஓடும். அந்த இரண்டு மாதமும் சாகாமல் இருக்க வடபாதிக்காரர்கள் தங்களால் ஆனதைச் செய்து பார்ப்பார்கள். தேர்தலுக்கு முந்தைய கார்த்திகையில் ஜெக்கரியாவின் அக்கா தங்கமணியால் முடியவில்லை. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி மிதந்தது. அடக்க ஆராதனை நடத்த வேண்டிய தம்பி அக்கரையில் புத்தகத்தோடு காத்து நிற்க, அக்கா தன் போக்கில் கிழக்கே போய்க்கொண்டிருந்தார். ஐம்பதடி தள்ளி மூங்கில் புதரில் போய்ப் பிடித்தார்கள்.

"எங்கக்கா கோவிச்சுக்கிட்டுப் போறது ஒண்ணும் புதுசில்ல. ஆனா இப்படி ஒரு நாளும் போனதில்ல" என்று ஜெக்கரியா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சொல்லி முடித்த பிறகு சற்று நேரம் வாய்க்கால் இருக்கும் திசையைப் பார்க்க மாட்டார்.

ஒரு பாலம் வேண்டும். அதற்கு மேல் அவருக்கு இந்த அரசியலில் எந்தக் கோரிக்கையும் இல்லை. ஆனால் தேர்தல் என்பது பங்குனி, சித்திரையில் வரும் பண்டிகை. அப்போது வாய்க்கால் காய்ந்து, உள்ளே கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிற பெரிய மனிதர்களுக்கு, கல்லறைக்குப் போக அகலமான நல்ல பாதை ஒன்று இருப்பதாகவே தோன்றும். "இதுக்கு எதுக்குங்க பாலம்? காரே போகும் போலருக்கே" என்பார்கள். ஜெக்கரியா தன் நெஞ்சில் கையை வைத்து, "தண்ணி இம்புட்டு வருங்க" என்பார். அவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்வதால், ஏதோ விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஆகவே இந்த முறை அவர் வேறு வழி கண்டுபிடித்தார்.

வழிபாட்டுத் தலத்துக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது என்பது விதி. ஆனால் ஜெபம் செய்யச் சொல்லிக் கேட்கலாம். கேட்டு வருகிறவருக்கு ஜெபம் செய்ய முடியாது என்று எந்தச் சபையும் சொல்லாது. அந்த ஜெபத்தைப் படம் பிடிக்கக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாக் கட்சிகளுக்கும் தெரிந்த கணக்கு இது. கட்சித் துண்டை மட்டும் கழற்றிக் காரில் வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். வேட்டியின் கரையைக் கழற்ற முடியாதில்லையா, அது ஆராதனையில் கலந்துகொள்ளும்.

முதலில் வந்தவர் ஆளுங்கட்சி வேட்பாளர் புகழேந்தி. ஆறு கார், இரண்டு கேமரா.

"ரெண்டே ரெண்டு வார்த்த பேசிக்கிறேன் உபதேசியாரே."

"பேசப்படாதுங்க. ஜெபம் பண்ணலாம். முழங்கால் போடுங்க."

புகழேந்தி முழங்காலிட்டார். கேமராக்கள் நெருங்கின. ஜெக்கரியா மழைக்காக, விளைச்சலுக்காக, தேசத்தின் சமாதானத்துக்காக நிதானமாக ஜெபித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "பரலோகப் பிதாவே, இந்தச் சகோதரனை உம்முடைய சமுகத்தில் நிறுத்துகிறோம். ஜெயமும் தோல்வியும் உம்முடைய சித்தம். ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் வாய்க்காலுக்கு ஒரு பாலம் போட்டுத் தருவேன் என்று இவர் இப்போது உம்மிடம் பொருத்தனை பண்ணுகிறதை நீர் கேட்கிறீர்."

புகழேந்தி சட்டென்று கண்ணைத் திறந்தார். உபதேசியாரின் இடது கண் ஏற்கெனவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வேறு போக்கிடம் இல்லை. "ஆமென்" என்றார். வாசலில் நின்ற தொண்டர்கள் கையை உயர்த்தி, "ஆமென்! ஆமென்!" என்று முழங்கினார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் "வாழ்க!" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து எதிர்க்கட்சியின் அரவிந்தன் வந்தார். சிங்கப்பூரில் பொறியாளராக இருந்து, தொகுதிக்குத் தொண்டு செய்ய விமானத்தில் வந்தவர். ஆமென் என்று சொல்ல வேண்டும் என யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கே என்று சொல்லிக் கொடுக்கவில்லை. மழைக்கு ஓர் ஆமென், விளைச்சலுக்கு ஓர் ஆமென் என்று ஜெக்கரியா மூச்சு விட்ட இடமெல்லாம் போட்டுக்கொண்டே வந்தார். பாலத்துக்கு விழுந்தது ஒன்பதாவதோ பத்தாவதோ.

மூன்றாவது ஆள் சுயேச்சை. பக்கத்து ஊர் விவசாயி வீரையன். பயிர்க் காப்பீட்டுக்காகக் கூட்டுறவு சங்கத்தோடு சண்டை போட்டு, அந்தக் கோபத்தில் மனுத்தாக்கல் செய்தவர். டிராக்டர் சின்னம் கேட்டார். பல் துலக்கும் பிரஷ் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு மனைவியோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். மற்ற இருவரைப் போல இல்லாமல் ஜெபம் முழுவதும் கண்ணை இறுக்க மூடியிருந்தார். பாலம் என்ற சொல் வந்தபோது தயங்கித் தயங்கி ஆமென் சொன்னார். முடிந்ததும் திருநீற்றுக்காக உள்ளங்கையை நீட்டினார். நீட்டிய கையில் ஒன்றும் வைக்காமல் அனுப்ப ஜெக்கரியாவுக்கு மனம் வரவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஜிப்பாப் பையில் வைத்திருந்த புளிப்பு மிட்டாயில் ஒன்றை எடுத்து வைத்தார். வீரையன் அதைக் கண்ணில் ஒற்றி, பாதியைக் கடித்து மனைவிக்குக் கொடுத்தார்.

வாரக் கடைசிக்குள் இரண்டு பெரிய கட்சிகளும் காணொளியைப் பரப்பிவிட்டன. 'திருச்சபையின் பரிபூரண ஆசி' என்று இரண்டிலும் தலைப்பு. பாலத்தை இரண்டு பேருமே வெட்டியிருந்தார்கள்.

"காலையில ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சியா உபதேசியாரே? எங்களுக்கும் வழி சொல்லுங்க" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள்.

சபைச் செயலாளர் பூவிழி டீச்சருக்குக் கோபம். "கோயிலுக்குள்ள ஓட்டுக் கேட்டீங்கன்னு பேராயத்துலேர்ந்து விளக்கம் கேட்டா நான் என்ன எழுதறது?"

"நான் யாருக்கும் ஓட்டுக் கேக்கல டீச்சர். அவுங்ககிட்டதான் நான் கேட்டேன்."

புகழேந்தி ஜெயித்தார். நன்றி சொல்ல வந்த திறந்த ஜீப் வடபாதியைக் கடக்கையில் வேகம் எடுத்தது. அரவிந்தன் வந்த வழியே சிங்கப்பூர் போனார். வீரையனுக்கு நானூற்றுப் பதினொரு ஓட்டு, டெபாசிட் போயிற்று. ஐயர் முழங்கால் குணமாகித் திரும்பினார்.

ஜெக்கரியா வைகாசியில் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனார். "வாய்க்கால் காஞ்சுதானே கெடக்கு? என்ன அவசரம்?" என்றார் உதவியாளர். கார்த்திகையில் போனார். "தண்ணி ஓடுறப்ப எப்படிங்க கட்டுறது? வத்தட்டும்" என்றார் அதே உதவியாளர். அந்த மழையில் வடபாதியில் இரண்டு சாவு. பெட்டியைக் கயிற்றில் கட்டி, ஒரு கரையிலிருந்து விட்டு மறு கரையில் இழுத்தார்கள். கயிற்றின் நுனியை ஜெக்கரியா தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

தேர்தல் முடிந்து முழுதாக ஒரு வருடம் ஆன பிறகு, மேட்டூர் அணை திறக்க மூன்று வாரம் இருக்கையில், அவர் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"உபதேசியாரே, நான் வீரையன் பேசறேன். பிரஷ் சின்னம். போன வருஷம் ஒங்க கோயில்ல ஆமென்னு சொல்லிட்டு வந்தேன் பாருங்க, அதுலேர்ந்து ஒண்ணும் வெளங்கல. மொதல்ல மோட்டார் காயில் போச்சு. அப்புறம் செனமாடு போச்சு. இப்ப பொண்ணுக்குப் பாத்த எடம் தட்டிப் போச்சு. எந்தச் சாமியா இருந்தா என்ன, சொன்னா செஞ்சுட வேண்டியதுதானேன்னு எம் பொஞ்சாதி தெனம் ஏசறா. தோத்தவன் நான், பாலத்துக்கு எங்க போவேன்? கையில நாலு சிமெண்ட் கொழா இருக்கு. மூணடி வாய், எட்டடி நீளம். நாளைக்கு டிராக்டர்ல ஏத்தி வுடறேன். பாலம்னு சொன்னத கொழான்னு மாத்திக்கிட சொல்லுங்க ஒங்க சாமிய. நீங்க சொன்னா கேக்கும்."

ஜெக்கரியா அதை மூன்று முறை கேட்டார். எங்கள் ஆண்டவர் மாட்டின் மேலும் மோட்டாரின் மேலும் கைவைக்கிறவர் இல்லை என்று திருத்திச் சொல்வது உபதேசியாரின் கடமை. பதில் சொல்லப் பொத்தானை அழுத்தி, "வீரையண்ணே, எங்க ஆண்டவர் அப்படியெல்லாம்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். அழித்தார். குழாய் இறங்கட்டும், சத்தியம் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, "ஸ்தோத்திரம்ணே, கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் பேசி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் குழி வெட்டும் ரெத்தினத்தையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கினார். குழாய்களைப் பக்கம் பக்கமாகப் போட்டு மேலே மண் கொட்டினால் தண்ணீர் குழாய்க்குள் ஓடும், ஆட்கள் மேலே நடக்கலாம். குழாயின் நீளம்தான் பாதையின் அகலம். எட்டடி அளந்து இரண்டு பக்கமும் குச்சி நட்டார். நால்வரையும், பெட்டி சுமக்கிற மாதிரி, இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவராக நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"நடுவுல பெட்டி இல்லாம அளவு எப்படித் தெரியும் உபதேசியாரே?" என்றார் ரெத்தினம்.

ஜெக்கரியா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். காற்றில் புடைத்த ஜிப்பாவை உடம்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நால்வருக்கும் நடுவே போனார். கைகளை விலாவோடு ஒட்டி, கால்களைச் சேர்த்து, நேராக நின்றார்.

"ம், நடங்க" என்றார்.