வெள்ளைக் கோட்டில் வைத்த மஞ்சள்

என் மருமகளுக்குக் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிற வேலை. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் துணிக் குழப்பம் வந்துவிட்டது. யூனிபாரம் நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நர்ஸுக்கு வானநீலம், ஆயாம்மாக்களுக்குப் பச்சை, லேப்காரர்களுக்கு மெரூன் சுடிதார், அதன்மேல் வெள்ளைக் கோட்டு. முதல் மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டோடு இருந்தவள் அவள். படித்ததெல்லாம் கையை விட்டுப் போகிறதே என்று சமையலறையில் அழுததை நான் பார்த்திருக்கிறேன். இந்த வேலை நிலைக்க வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலை.

சிதம்பரத்தில் மேல வீதிக் கடை ஒன்றுக்கு இரண்டு பேரும் போனோம். மெரூன் என்று கேட்டதற்குக் கடைக்காரர் துணி துணியாக விரித்துப் போட்டார். எனக்கு எல்லாமே அரக்கு நிறமாகத்தான் தெரிந்தது.

"இது மெரூன்க்கா. இது ஒயின். இது காபி கலரு. எந்த டிபார்ட்மென்ட்டு?"

"லேப்பு."

"லேப்புக்குச் சில எடத்துல நேவி ப்ளூ கேக்குறாங்களே. மெரூனு எக்ஸ்ரேகாரங்க இல்ல வாங்கிட்டுப் போறாங்க?"

"அண்ணே, நீங்க வேற! எங்க அத்த ஏற்கெனவே கொழம்பிப் போய் நிக்கிறாங்க," என்று மருமகள் சிரித்தாள்.

நிஜமாகவே குழம்பித்தான் நின்றேன். குருவுக்கு மஞ்சள், சுக்கிரனுக்கு வெள்ளை, சனீஸ்வரனுக்குக் கறுப்பு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஒரே கட்டடத்தில் வேலை செய்கிற மனுஷருக்குள் இத்தனை நிறம் எதற்கு என்று எட்டாவது படித்த எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவளே பார்த்து எடுத்தாள். சுடிதார் இரண்டு, கோட்டு ஒன்று.

புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் உடுத்துவது எங்கள் வீட்டில் கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, மஞ்சளைக் குழைத்து, துணிகளின் ஓரத்தில் தொட்டு வைத்தேன். கோட்டுக்கு மட்டும் நெஞ்சுப் பக்கத்துப் பையின் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தேன். வேலைக்குப் போகிற பிள்ளை, கூடவே ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது?

கோட்டு விறைப்பாக இருக்கிறதென்று ஞாயிற்றுக்கிழமை அவள் சோப்புப் போட்டு அலசிவிட்டாள். குழந்தை ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தது. வெளியே ஐப்பசி மழை. ஃபேனுக்கடியில் காயவைத்து, கரண்ட் போய்ப் போய் வந்ததில் திருப்பிப் பார்க்காமல் அவசரமாக இஸ்திரி போட்டு மடித்து எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை பஸ் ஏறிப் போனவள், பத்து மணி வாக்கில் போன் செய்தாள்.

"அத்த, கோட்டுல மஞ்ச வச்சீங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

"சோப்பு பட்டு செவந்து போச்சு அத்த. ரத்தக் கறன்னு நெனச்சுட்டாங்க. கோட்ட கழட்டச் சொல்லிட்டாங்க."

சோறு வடித்த கையோடு நின்றேன். நல்லதுக்கு வைத்தது எப்படிக் கெட்டதாகும்? பேரனை என் வீட்டுக்காரரிடம் விட்டேன். "அங்க போயி நீ என்னாடி பண்ணப் போற? வாதாடப் போறியா?" என்றார். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. கடலூர் பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் அம்மா தாயே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. பச்சை உடுப்பில் ஒரு பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். "ஏம்மா, லேப் எங்கம்மா இருக்கு?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டேன். திரும்பினால் என் மருமகள்!

"வேற கோட்டு இல்ல அத்த. இதான் இருந்துச்சு. இத மாட்டிக்கிட்டு ரிப்போர்ட்டு எழுதுன்னாங்க. எந்திரிச்சு வெளிய வந்தா, ஆயாம்மா இங்க வா, தண்ணி கொண்டா, இவர தள்ளிட்டுப் போன்னு ஆளாளுக்குக் கூப்புடுறாங்க. நானும் போறேன்," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பெற்ற மகளைப்போல் வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்கிறவள் நான். உடுப்பின் நிறம் மாறியதும் ஆளையே தெரியாமல் போய்விட்டதே!

லேப் பொறுப்பில் இருந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "மேடம், அது ரத்தம் இல்லங்க. மஞ்சள்தாங்க. சாமி முன்னாடி வச்சது."

"மஞ்சள்னு பாத்ததுமே தெரியும்மா. எங்க வீட்லயும் மஞ்சள் இல்லாம கொழம்பா? ஆனா காலையில ஒரு பெரியவர், இது யார் ரத்தமோன்னு கைய இழுத்துக்கிட்டாரே. அவருக்கு யார் போயி சொல்றது? நாளைக்குச் சுத்தமான கோட்டோட வரட்டும். இல்லன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவரோ பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. நான் செய்ததும் தப்பில்லை. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் கடலூரிலேயே திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்குப் போனோம். முழங்கால் வரைக்கும் தொங்குகிற கோட்டு லட்சணமாக இருந்தது. அதை எடு என்றேன்.

"அது டாக்டர் போடுறது அத்த. அதப் போட்டுட்டுப் போனா ஆபரேசன் பண்ணச் சொல்லிடுவாங்க."

குட்டையாக ஒன்று எடுத்தாள். கூடவே மாற்றுக்கு இன்னொன்று.

மறுநாள் விடிகாலை புதுக் கோட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மஞ்சள் கிண்ணத்தில் விரலை விட்டவள் அப்படியே நின்றேன். வைத்தால் வேலை போகும். வைக்காவிட்டால், வெறும் துணியோடு பிள்ளையை அனுப்பியதாகும். குளித்துவிட்டு வந்த மருமகள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து, மஞ்சள் விரலைத் தன் தொண்டைக் குழியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வைங்க அத்த. துணிக்கு வேணாம்."

துணிக்குச் செய்வதை ஆளுக்குச் செய்தால் கணக்கில் வருமா? ஐயரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சொன்னாள்: "இன்னிக்கு அந்தப் பெரியவரு மறுபடி வந்தாரு அத்த. நாந்தான் ரத்தம் எடுத்தேன். கைய இழுக்கல."