பியர் காய்ச்சிய தவமணி அக்கா

தவமணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் பிரஷர் குளிசைக்கான வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய தம்பி தில்லைநாதன். சீனன்குடாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அக்காவின் பக்கத்து வீட்டில் இருப்பவர். காலையில் தேத்தண்ணியோடு போய் எழுப்பியிருக்கிறார், அக்கா எழும்பவில்லை. நான் வரிசையை விட்டு விலகவில்லை. குளிசையை வாங்கிக்கொண்டுதான் போனேன். இந்த வயதில் இப்படியான செய்திகள் அடிக்கடி வருகின்றன; ஒவ்வொன்றுக்கும் ஓடிப்போக உடம்பில் தெம்பு இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மரண அறிவித்தலை எழுதித் தரும்படி தில்லைநாதன் என்னிடம் கேட்டார். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார்.

"தண்ணிப் பரிசோதனைக் கந்தோரில வேலை செய்தவ எண்டு மட்டும் போடுங்கோ அண்ணை. அதுக்கு முந்தினது வேண்டாம்."

அதற்கு முந்தியது பதினொரு வருடம். மலைநாட்டில் ஒரு பியர்த் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் அக்கா வேலை செய்தார். அந்தக் காலத்தில் அப்படியொரு இடத்தில் ஒரு பெண், அதுவும் திருகோணமலையில் இருந்து போன ஒரு தமிழ்ப் பெண், இருந்ததே அபூர்வம். தம்பி கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன். அக்காவை அறிந்த உங்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் பாதிக் கதையாக, ஒரு நமுட்டுச் சிரிப்போடு கேட்டிருப்பீர்கள்.

நானும் வேலை செய்த அந்தத் தண்ணிப் பரிசோதனைக் கந்தோருக்கு அவர் வந்த முதல் கிழமை, ஒரு கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு, அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் வைக்கோல் குவித்திருக்கிறார்கள் என்றார். விசாரித்தபோது அது சரியாக இருந்தது. எங்கள் மேலதிகாரி ஆச்சரியப்பட்டு, இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார்.

"பியர் காய்ச்சின இடத்தில பழகினனான்" என்றார் அக்கா, குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவரவர் தங்கள் குடுவைகளுக்குத் திரும்பினார்கள். பிறகு அவருடைய முதுகுக்குப் பின்னால் நிறையப் பேசினார்கள். நானும் பேசினேன். அவருக்குப் பொருந்தி வந்த இரண்டு சம்பந்தங்கள் இந்த வேலையின் பெயரால் குழம்பிப் போயின. வேறு யாருக்கோ நடந்ததைப் போலத்தான் அதை அவர் சொல்வார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் மெல்ல மெல்ல அவரிடம் கதை கேட்கத் தொடங்கினேன். இந்த நாட்டில் பியர் எப்படி வந்தது என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். தோட்டங்களை நடத்த வந்த வெள்ளைக்காரருக்குத் தங்கள் ஊர்க் குடி இல்லாமல் இருக்க முடியவில்லை. மலைக் குளிரும் ஊற்றுத் தண்ணீரும் கைக்குக் கிடைத்தன. முளைகட்டி உலர்த்திய பார்லியும், கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவும் கப்பலில் வந்தன. ஆரம்பத்தில் கறுப்பு பியருக்குத்தான் பேர். நிலக்கரி போலக் கறுத்து, கோப்பி மணத்தோடு இருக்கும் அதை வெளிநாட்டுக்காரர் தேடி வந்து புகழ்ந்தார்களாம். ஆனால் கடற்கரை ஊர்களின் வெயிலுக்கு மெல்லிய பொன்னிற லாகர் பியரே வென்றது. எங்கள் துறைமுகத்தில் நின்ற கடற்படைக்காரர் முதல், மாலையில் கரையேறும் மீன்பிடிகாரர் வரை எல்லோருடைய கையிலும் அந்தப் போத்தல்தான். இப்போது அதையும் தள்ளிவிட்டு, வெறி கூடிய ஸ்ட்ரோங் பியர்தான் அதிகம் விற்கிறது.

ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"சனம் ருசிக்குக் குடிக்கிறேல்ல தம்பி, களைப்புக்குக் குடிக்கினம். கெதியா மறக்க வேணும், அவ்வளவுதான்."

அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வரி ஏற ஏற ஏழைகள் பியரை விட்டுக் கள்ளச் சாராயமான கசிப்புக்குப் போகிறார்கள் என்று கவலைப்பட்டார். கள்ளையும் பியரையும் ஈஸ்ட் என்கிற ஒரே மதுவம்தான் புளிக்க வைக்கிறது, அதற்கு உள்ளூர் வெளியூர் கிடையாது என்பார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் தனக்கு நடந்ததை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். மூதூர்ப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துவரப் போகும் வழியில், வாகனத்தோடு மிதவைக்காகக் காத்திருந்தோம். வெயில் எரித்தது. எங்கிருந்து தொடங்கினார் என்று எனக்கு நினைவில்லை.

அந்த மலை ஊரின் கடைவீதியில் தமிழர் கடைகள் எரிந்த அன்று, தொழிற்சாலையின் நிலவறைக்குப் பொறுப்பாயிருந்த சுமணதாச என்ற சிங்களவர் அவரைக் கூட்டிப்போய், பியர் நொதிக்கும் தொட்டிகள் இருந்த அறையில் விட்டுக் கதவைப் பூட்டினார். எலும்பு வரை ஏறுகிற குளிர். பார்லிச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு அக்கா இருந்திருக்கிறார். வாசலுக்கு ஒரு கூட்டம் வந்து, உள்ளே தமிழர் யாரும் உண்டா என்று கேட்டது. இல்லை என்று சுமணதாச சத்தியம் பண்ணினார். அது அக்காவுக்குக் கேட்டது. மறுநாள் மத்தியானம்தான் கதவு திறந்தது. அதுவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தொட்டியின் வெப்பநிலையையும் பார்த்துத் தாளில் எழுதிவந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் ஏன் அதைச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வேற என்ன செய்யிறது? பயந்துகொண்டு சும்மா இருக்க ஏலாது. மதுவத்துக்குக் கலவரம் தெரியுமோ? ஒரு பாகை கூடினாலும் அவ்வளவும் பழுதாப் போயிடும்."

சுமணதாச லொறியில் அவரை அகதி முகாமில் கொண்டுபோய் விட்டார். அதன்பின் அக்கா அந்த மலைக்குப் போகவேயில்லை. மிதவை கரையை நெருங்கும்போது இன்னொன்றும் சொன்னார்.

"அந்தப் பியர் நல்லாத்தான் வந்திருக்கும். வாசல்ல வந்து நிண்டவையும் அதைக் குடிச்சிருப்பினம்."

குரலில் கோபம் இல்லை. நீண்ட நேரம் சுமந்ததைக் கீழே வைப்பவரின் அலுப்புத்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, இதையெல்லாம் மூன்று பெரிய கொப்பிகளில் எழுதினார். நான் அப்போது எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலரைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். கொப்பிகளை என்னிடம் தந்தார். பல மாதம் வைத்திருந்தேன். பிறகு, மலருக்குக் கோயில்காரரும் உதவி செய்கிறார்கள், பியர் என்று போட ஏலாது என்று திருப்பிக் கொடுத்தேன். "ஓம், விளங்குது" என்று சொல்லி வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். முழுவதையும் நான் வாசிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்று பேச்சோடு பேச்சாக, தொழிற்சாலையை மலையிலிருந்து கொழும்புப் பக்கம் இறக்கிய பிறகு கறுப்பு பியரின் ருசி மாறியிருக்குமோ என்று யோசித்தார். "நான் காய்ச்சினதை நானே கடையில வாங்க ஏலாது. பொம்பிளையளுக்கு விக்கக் கூடாதெண்டு சட்டம்" என்றார். நான் தினமும் ஒரு பியர்க் கடையைக் கடந்துதான் வீட்டுக்குப் போனேன். ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்திருக்கலாம். தனியே இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போத்தலோடு போவதை யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முதல்நாள் தில்லைநாதன் மறுபடி அழைத்தார். அக்காவுக்கு விருப்பமானவற்றைப் படைக்க வேண்டும், உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும் என்றார். குடித்து வாழ்ந்த ஆம்பிளைகளின் படையலில் சாராயம் வைப்பதற்கு நம்மில் ஒருவரும் கூச்சப்படுவதில்லை. எனக்கும் மறைத்துப் பேசிக் களைத்துப் போயிருந்தது.

"ஒரு போத்தல் பியர்" என்றேன்.

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கறுப்போ, வெள்ளையோ?" என்று கேட்டார்.

கறுப்பை நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். தில்லைநாதன் தன் கையால் மூடியை உடைத்துக் கண்ணாடிக் கிளாசில் வார்த்தார். நுரை பொங்கி வாழையிலையில் வழிந்தது. உறவுப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாப்பாடு முடிந்து நான் புறப்படும்போது, தில்லைநாதன் அலுமாரியைத் திறந்து அந்த மூன்று கொப்பிகளையும் என் கையில் வைத்தார். "அண்ணை, உங்களால ஏலுமெண்டால்" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கொப்பிகள்தான். நாளுக்கு இரண்டு பக்கம் தட்டச்சு செய்கிறேன். அதற்கு மேல் கண் ஒத்துழைப்பதில்லை. முதல் பக்கத்தில் 'இலங்கையில் பியர்' என்று நிமிர்ந்த எழுத்தில் தலைப்பிட்டிருக்கிறார். அதன்கீழே 'எழுதியவர்' என்று போட்டு ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் எதையும் எழுதாமல் விட்டிருக்கிறார். வேலையைத் தொடங்கிய அன்று முதலில் அதைத்தான் நிரப்பினேன்: கதிர்காமத்தம்பி தவமணி.