பால்சுறா தேடிப் போன அன்று

என் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை. சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை என்று எங்கள் பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வார்கள். இவன் நிஜமாகவே சாண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். இடுப்பில் கட்டிய துணி நெஞ்சு வரைக்கும் வந்தது. வேறு தாய்மார்கள் கொடுத்த பாலைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். பெற்றவளின் பால் கிடைத்தால் நல்லது, இவன் குடலுக்கு அதுதான் மருந்து என்று டாக்டரம்மா சொன்னார். தங்கைக்கோ சுரக்கவே இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், பம்ப் வைத்துப் பார்த்தாள், பூண்டை வேகவைத்துத் தின்றாள். ஒரு பஞ்சை நனைக்கும் அளவுக்குக்கூட வரவில்லை.

செம்மண்டலத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குக் குமராட்சியிலிருந்து அம்மா வந்து இறங்கினாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டாள்.

"பால்சுறா வாங்கிக் குடுத்தியாடா?"

"இல்லம்மா."

"அப்புறம் பாலு எங்கேர்ந்து வரும், வானத்துலேர்ந்தா? தாய்மாமன்னு பேரு மட்டும் இருந்தா போதுமா?"

பால்சுறா என்பது சின்ன ஜாதிச் சுறா. பிள்ளை பெற்றவளுக்கு அதை வேகவைத்து உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். சாப்பிட்டால் கெடுதல் இல்லை என்றார். அந்த நேரத்தில் எனக்கு அதுவே பெரிய வாக்காக இருந்தது.

நான் வேன் ஓட்டுகிறவன். கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகளைக் கல்லூரிக்காரர்கள் கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அழைத்துப் போவதற்கு என் வண்டியை வைத்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் ஒரே பாடம்தான். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆறு கடலில் கலக்கிற இடம், சுரபுன்னைக் காட்டு வேர்கள், கரையோரத்துக் கலங்கல் தண்ணீர், இவைதான் மீன்குஞ்சுகள் வளரும் இடம். ஆழமில்லாததால் பெரிய மீன் வராது, கலங்கலாக இருப்பதால் வந்தாலும் கண் தெரியாது, தின்ன இரை கிடைக்கும். இறால், மடவை, கொடுவா எல்லாம் குஞ்சாக இருக்கும்போது அங்கேதான். சுறாகூடக் குட்டி போடக் கரைக்கு வரும். ஒருமுறை பிள்ளைகள் இழுத்த வலையில் ஒரு சுறாக்குட்டி வந்தது. வாத்தியார் அதைப் புரட்டி வயிற்றைக் காட்டினார். தொப்புள் புண் ஆறாமல் சிவப்பாக இருந்தது. மீனுக்குத் தொப்புள் உண்டென்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

நான் வண்டி ஓட்ட ஆரம்பித்த காலத்தில் அந்தச் சின்ன வலையை மேலே தூக்கினால் உலை கொதிப்பதுபோலக் குஞ்சுகள் துள்ளும். இப்போது தொட்டால் அரிக்கிற சொறிமீனும் பிளாஸ்டிக் பையும் வருகின்றன. பிள்ளைகள் அதையும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் டிரைவரின் எரிச்சலை யார் கேட்கப்போகிறார்கள்?

அது சித்திரை மாதத் தொடக்கம். மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. நானும் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையும் காலையிலேயே என் பைக்கில் முதுநகர் துறைமுகத்துக்குப் போனோம். வெளியூர் ஐஸ் மீன்தான் இருந்தது. ஒரு வியாபாரி ஏதோ ஒரு சுறாவின் துண்டத்தைக் காட்டிப் பால்சுறா என்று சத்தியம் செய்தார். மூக்கில் மூத்திர நெடி ஏறியது. பழைய சுறா அப்படித்தான் நாறும். மாப்பிள்ளை அதையே வாங்கிவிடலாம் என்று நின்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

சிதம்பரம் ரோட்டைப் பிடித்துப் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். சிப்காட் வந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மாப்பிள்ளை அங்கேதான் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார், அவருக்கு நாற்றம் பழகிப்போயிருந்தது. அதிகம் பேசாத மனிதர். பின்னால் உட்கார்ந்துகொண்டு திடீரென்று சொன்னார்.

"பெட்டில எழுதணுமாம், புள்ளைக்குப் பேரு கேட்டாங்க மச்சான்."

"என்னா பேரு சொன்னீங்க?"

"இன்னும் வைக்கல. பொழைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

நான் வண்டியை முறுக்கினேன்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபைபர் போட்டு அப்போதுதான் கரை ஏறியிருந்தது. சின்னப் படகுகளுக்குத் தடை கிடையாது. வலையில் நண்டும் பொடி மீனும். நடுவில் ஒரு பால்சுறா, கை நீளம் இருக்கும். வயிறு புடைத்திருந்தது.

"புள்ளத்தாச்சி மீனு," என்றார் படகுக்காரர். "குட்டி போடக் கரைக்கு வந்திருக்கு."

"குட்டி போடுற எடத்துலதான் வலை போடுவீங்களாண்ணே?" வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பின்ன எங்க போடச் சொல்ற? இன்னும் தூரம் போவ டீசலு நீ ஊத்துறியா? அந்த மீனு வேணும்னுதான நீயும் வந்து நிக்கிற?"

குழந்தை பெட்டியில் இருக்கும் விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது. வேறு யாருக்கும் தராமல் சுறாவை எங்களிடமே கொடுத்தார்.

மீன் அரிகிற அக்கா அரிவாள்மணையில் வயிற்றைக் கீறினார். உள்ளிருந்து மூன்று குட்டிகள் தொப்புள்கொடியோடு சரிந்து விழுந்தன. கண், செவுள், வால் எல்லாம் முழுதாக இருந்தன. மூன்றும் மணலில் நெளிந்தன.

"யக்கா, உசுரு இருக்குக்கா," என்றார் மாப்பிள்ளை.

"இருக்கும், செத்த நேரத்துல பூடும். குட்டியத்தான் தம்பி புள்ள பெத்தவளுக்குக் குடுக்கணும். பாலு பிச்சிக்கினு வரும்."

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "தண்ணில வுட்டா பொழைக்குமா மச்சான்?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நாம எதுக்கு வந்தோம் மாப்ள? மீனுக்குப் பிரசவம் பாக்கவா வந்தோம்?" என்று கத்தினேன். கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. சட்டையைக் கழற்றி மூன்றையும் அதில் அள்ளிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. வேறு வழியில்லாமல் நானும் பின்னாலேயே இறங்கினேன்.

முழங்கால் ஆழத்தில் ஒவ்வொன்றாக விட்டார். இரண்டு அப்படியே மல்லாந்து அடியில் போய்க் கிடந்தன. மூன்றாவது அவர் காலையே ஒருமுறை சுற்றியது, வாலை அடித்தது, கலங்கல் தண்ணீருக்குள் மறைந்துபோனது.

"பொழைச்சிக்கும்ல மச்சான்?"

அது போன திசையில் வரிசையாகக் கழிகள் நட்டு வலை கட்டியிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கொடி அறுந்த வயிற்றோடு போகிற குட்டி எவ்வளவு தூரம் போகும் என்று ஓரளவுக்கு எனக்குத் தெரியும்.

"பொழைச்சிக்கும் மாப்ள," என்றேன்.

அவர் சிரித்தார். குழந்தை பிறந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே தங்கைக்குப் போன் போட்டார். "பேரு எழுதச் சொல்லிடு," என்று ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அம்மா தாய்ச்சுறாவை வேகவைத்துப் புட்டு செய்தாள். பகலிலேயே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். தங்கைக்கு மீன் வாடையே ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் தின்றாள். "இப்ப வந்துடும் பாரு," என்று அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிப் பெட்டியின் மேல் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

மறுநாள் காலையில் குழந்தையின் வயிறு உப்பிவிட்டது. குடல் தாங்கவில்லை என்றார்கள். டாக்டர்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள், அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் அவனைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை. நானும் மாப்பிள்ளையும் போய்ப் புதைத்துவிட்டு வந்தோம்.

தங்கையை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு அவளுக்குப் பால் வந்தது. சுறா செய்த வேலையோ, உடம்பு தானாகச் செய்ததோ, யார் கண்டது. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, பாய் நனைந்தது. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வேறு. அம்மா மல்லிகைப்பூவை முழம் முழமாக வாங்கி நெஞ்சில் வைத்துக் கட்டினாள், பால் வற்றுவதற்கு. மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே என்று நர்ஸ் போனில் கேட்டார். அந்தக் கட்டடத்துக்குள் இனிமேல் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டாள். வலி தாங்காமல் ஒரு டம்ளரில் கொஞ்சம் பீய்ச்சி வைத்தாள்.

அம்மா அந்த டம்ளரை என்னிடம் நீட்டினாள். "சாக்கடைல கொட்டிடாத, பாவம். ஆளு கால் படாத எடமா பாத்து ஊத்திட்டு வாடா."

நான் மாடியிலிருந்து இறங்கினேன். வீட்டுக்காரர் வாசல் முழுவதும் சிமெண்ட் போட்டிருந்தார். தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துக் காலிமனையில் லாரிக்காரர்கள் ஜல்லி கொட்டி மிதித்துவைத்திருந்தார்கள். தெருமுனை வரைக்கும் நடந்தேன், திரும்பி அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். கால் படாத இடம் என்று ஒரு சாண்கூட எனக்கு அகப்படவில்லை. டம்ளர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. அதைக் கையில் பிடித்தபடி நடுத்தெருவில் நின்று அழுதேன்.