டயருக்குப் பூஜை

எனக்கு பிக்கப் டிரக் என்றாலே ஆகாது. ஃப்ரீவேயில் என் சின்ன காருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு, ஹெட்லைட்டைக் கண்ணாடிக்குள் பாய்ச்சி, நான் ஒதுங்கும் வரை விடாத அத்தனை பேரும் டிரக்குக்காரர்கள்தான். டெக்சஸுக்கு வந்த நாளிலிருந்து அவர்களைத் திட்டிக்கொண்டேதான் ஆபீஸ் போய் வருகிறேன். கடைசியில் என் மகனும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தான்.

மேற்கு டெக்சஸில், எண்ணெய்க் கிணறுகள் இருக்கிற ஒரு ஊரில் அவனுக்கு வேலை. நான் இருக்கும் ஆலன் ஊரிலிருந்து கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். அவன் அப்பாவும் நானும் பிரிந்தபோது அவர் நாங்கள் முன்பு இருந்த பிளெய்ன்ஸ்பரோவிலேயே தங்கிவிட்டார். நான் பையனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். பையன் படிப்பு முடித்த கையோடு கிளம்பிவிட்டான். மூன்று பெட்ரூம் வீட்டில் நான் ஒருத்தி. யாராவது பேசுகிற சத்தம் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு, பார்க்காமல் பாத்திரம் தேய்ப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவோம். பேசுவோம் என்ன, நான் பேசுவேன். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். "வேலை எப்படிடா இருக்கு?" "குட்." "ஒடம்பு?" "ஃபைன்." "இந்த வாரம் என்ன பண்ணே?" "வொர்க்." கோபமெல்லாம் கிடையாது. தங்கமான பையன்தான். ஆனால் அவனிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் டிரக் வாங்கி போட்டோ அனுப்பினான். "நல்லா இருக்குடா" என்று பொய் சொன்னேன். முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, லெவல் பண்ண வேண்டும் என்று எழுதினான். ஏன் தாழ்ந்திருக்கிறது என்று சும்மாதான் கேட்டேன். அதற்கு வந்தது பாருங்கள் ஒரு பதில்! பின்னால் பாரம் ஏற்றினால் வண்டி அமுங்கும், அப்போது நேராக நிற்கட்டும் என்று கம்பெனியிலேயே பின்பக்கத்தைத் தூக்கி வைத்துச் செய்கிறார்களாம். பாரம் இல்லாதபோது மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டு நிற்குமாம். முன்பக்கத்தை இரண்டு இன்ச் தூக்க ஒரு சாமான் இருக்கிறது, அதுதான் லெவலிங் கிட், அதைப் போட்டால் பெரிய டயரும் போடலாம் என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தான். ஆபீஸ் பார்க்கிங்கில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவன் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து எனக்கு இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை.

விடுவேனா? அன்றிலிருந்து டிரக் படிப்பு ஆரம்பம். இரண்டே வாரத்தில் உயரம் கூட்ட நடுவில் செருகுகிற ஸ்பேசர் என்றால் என்ன, அதிர்ச்சி தாங்குகிற ஸ்ட்ரட்டையே மாற்றுவது என்றால் என்ன என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இரண்டு இன்ச் ஸ்பேசர், முப்பத்து மூன்று இன்ச் டயர், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ரகம் என்று சிபாரிசு பண்ணினேன். எல்லாரும் சொல்வதும் அதுதான். "மேக்ஸ் சென்ஸ்" என்று உடனே பதில் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது முடிந்துவிட்டால் அடுத்து எதைப் பேசுவது?

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். நல்லா இருப்பதில் நொட்டை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளமே. என் சிபாரிசில் நானே குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசாதா? பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டுமே, போலீஸ் பிடித்தால்? மைலேஜ் போகுமே? ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். ஒரே நாளில் கொட்டிவிட மாட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து அவன் பதில் எழுதுவான். சில சமயம் போனிலேயே கூப்பிடுவான், ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில்!

"ரப் ஆகும்னு ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான்டா."

அவன் சிரித்தது கேட்டது. அவன் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். அதைத்தான் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "அது வேற மாடல்மா. அவன் வீலும் வேற."

"எதுக்கும் அவசரப்படாதே. நான் இன்னும் கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்."

"ஓகே, நோ ரஷ்."

இன்னும் கொஞ்சம் பார்க்க ஒரு டயர் கடைக்கே போனேன். கவுண்டரில் இருந்தவர் என்ன டிரக் வைத்திருக்கிறீர்கள் என்றார். டிரக் இல்லை, மகன் இருக்கிறான் என்றேன். பாவம், என்ன நினைத்தாரோ, அடுக்கி வைத்திருந்த டயர்களைத் தொட்டுப் பார்க்க விட்டார். பக்கத்து ஊரான காப்பெலில் ஒரு சிநேகிதி வீட்டு விருந்தில் எல்லாரும் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது, "என் பையன் இப்போ எங்கிட்ட ரொம்ப பேசறான்" என்று நானும் சொல்லிக்கொண்டேன். "அப்படியா, என்ன பேசறான்?" என்றாள் சிநேகிதி. டயர் உரசுமா உரசாதா என்று பேசுகிறான் என்றேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

குளிர்காலம் இப்படியே நன்றாகப் போனது. வசந்தம் வந்தபோது அவன் பதில்கள் தாமதமாக வந்தன. இரண்டு நாள் கழித்து வரும், அதுவும் ஒரு வரி. அவனுக்கு அலுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பிள்ளையை நச்சரிக்கும் கிழவி என்று பெயர் வாங்குவதற்கு முன் மரியாதையாக நாமே முடித்துக்கொள்வோம் என்று ஒரு மத்தியானம் எழுதினேன்: "சரிடா, மொதல்ல சொன்னதே நல்லது. ரெண்டு இன்ச், முப்பத்து மூணு. போட்டுடு." "ஓகே. சனிக்கிழமை போட்டுடறேன்" என்று வந்தது. அடுத்த வாரம் ஒரு போட்டோ. அதற்கப்புறம் பழையபடி குட், ஃபைன், பிஸி.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு துணிந்து ஒரு புளுகு புளுகினேன். பெரிய டயர் மாற்றினால் வண்டிக்குத் திரும்பப் பூஜை போட வேண்டும், நம் பழக்கம் அது, பூஜை போடாமல் ஓட்டக் கூடாது என்றேன். புது வண்டிக்குப் பூஜை உண்டு. டயருக்குப் பூஜை போட்டதை நான் எங்கேயும் கண்டதில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? "ரியலி?" என்றான். "ஆமாண்டா" என்றேன். சரி, வருகிறேன் என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தான். ஞாயிறு காலையில் என்னைத் தூக்காத குறையாக டிரக்கில் ஏற்றினான். அந்த உயரத்தில் புடவையோடு ஏறுவது என்ன பாடு என்று எந்த வீடியோவிலும் எவனும் சொல்லவில்லை. ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எப்படியோ ஏறி உட்கார்ந்தேன். கோயில் பார்க்கிங்கில் குருக்கள் தட்டோடு வந்தார். "புது வண்டியாம்மா?"

"டயர் புதுசு" என்றேன் மெதுவாக.

"டயருக்கா பூஜை?" என்று அவர் சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் சட்டென்று மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். தேங்காய் சுற்றி, முன்னால் குங்குமம் வைத்து முடித்ததும் நாலு எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும்.

முன்சக்கரத்துக்குக் கீழே வைக்கக் குனிந்தேன். புது டயரில் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு முடி இல்லை. ரப்பர் கட்டைகளின் ஓரம் மழுங்கியிருந்தது. பள்ளங்களில் கூழாங்கல் மாட்டி, அதன் மேல் வெள்ளை மண் இறுகிக் கிடந்தது. மூன்று நாலு வாரம் ஓடிய டயர் இல்லை இது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்பு கண்டுபிடிக்கிறவள். முன்பக்கத்து உயரத்தை அளந்து அனுப்பு என்று ஜனவரியில் கேட்டபோது, மழை பெய்கிறது, அப்புறம் அளக்கிறேன் என்றானே! மழையே பெய்யாத ஊர் அது.

"இது எப்போ போட்டதுடா?"

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நவம்பர்லயே, தாங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடி. நீ மொதல்ல சொன்னப்பவே."

"அப்புறம் ஏன்டா குளிர்காலம் பூரா எங்கிட்ட வாதாடிண்டிருந்தே?"

"போட்டாச்சுன்னு சொன்னா நீ மெசேஜ் பண்றதை நிறுத்திடுவேன்னு நெனச்சேன். கடைசியில சொல்லப் பொய்யே தீந்துபோச்சு, அதான் பதில் லேட்டாச்சு."

கையில் மிச்சமிருந்த மூன்று பழத்தோடு அப்படியே நின்றேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொங்கிக்கொண்டு வந்தது. என் பிள்ளை என்னோடு பேசுவதற்காகப் பொய் சொல்லியிருக்கிறான். மற்றப் பழங்களையும் வைத்தேன். அவன் ஏறி வண்டியை நகர்த்தினான். நாலும் நசுங்கின. குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை முடிந்து வந்து, போட்டு முடித்த டயரைப் பற்றி என்னோடு வாதாட உட்கார்ந்திருந்த என் பையனை அதற்கப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். எத்தனை சாயங்காலம் அப்படி உட்கார்ந்திருப்பான்? வந்த சந்தோஷம் அப்படியே அடங்கிவிட்டது.

அவன் இறங்கி வந்து, என்னை ஏற்றிவிடக் கையை நீட்டினான். நான் ஏறவில்லை.

"அங்கே பேச உனக்கு யாரும் இல்லையாடா?"

"சே, அதெல்லாம் இல்லம்மா. வேலையில எல்லாரும் ரொம்ப நல்லவங்க. நேரமே போறதில்லை, அவ்வளவு பிஸி."

என் அக்கா சென்னையிலிருந்து கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்கும்போதெல்லாம், நானும் இதையேதான் சொல்கிறேன்.