இரண்டு ஊமைக் கட்டைகள்

நான் ராக்டைம் பியானோக்காரி. வாசிப்பது மட்டுமல்ல, பதினொரு மெட்டுகள் நானே கட்டியுமிருக்கிறேன். எங்கள் ஊர் நாரந்தனையில் இப்படி இன்னொரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்! பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ராக்டைம் என்கிற அந்தக்கால அமெரிக்க இசையில் இடக்கை தாளம் பிசகாமல் நடக்கும். வலக்கை அதற்கு முந்தும், இல்லாவிட்டால் பிந்தும். கைபேசியில் பார்த்துத்தான் பழகினேன். வாசிக்கக் கிடைத்தது எங்கள் மாதா கோயில் பியானோ. உப்புக்காற்றில் அதன் நடுக்கட்டைகள் இரண்டு ஊமையாகிவிட்டன. பாட்டு அந்த இடத்துக்கு வந்தால் பாடகர் குழு காலால் நிலத்தில் ஒரு குத்துக் குத்தி ஓட்டையை அடைக்கும். வெளியூர்ச் சுவாமி ஒருவர் பூசைக்கு வந்து திகைத்தே போனார். எங்களுக்கு அது பழகின விசயம்.

அந்தக் குத்துகளில் பெரியது, குழுவில் பாடும் என் அப்பாவுடையது. கடலுக்குப் போகிற கால் அல்லவா! என் மெட்டுகளையும் அந்த இரண்டு கட்டைகளை விட்டுத்தான் கட்டினேன். நான் பழகும்போது குழுவில் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே குத்துவார்கள். அப்பா மட்டும் காலைத் தூக்கவே மாட்டார்.

"உந்த வலக்கை ஏன் பிள்ளை தடக்கித் தடக்கிப் போகுது? வடிவாப் பழகிப்போட்டு வாசியன்" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே குத்தினாலும் அவர் குத்தாதவரை என் மனம் ஆறவில்லை.

போன வருடம் கொழும்பில் ஒரு மேடை கிடைத்தது. ஒத்திகையைக் கேட்ட ஏற்பாட்டாளர் அக்கா, "நல்ல மெட்டு. ஆனா இடையிலை இடையிலை வெறுமையாக் கிடக்குது. இந்தப் பியானோவிலை எல்லாக் கட்டையும் வேலை செய்யுதுதானே, நிரப்பி வாசியுங்கோவன்" என்றார்.

நிரப்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கோபம். ஆனால் அது என் மெட்டில்லை.

"ஏலாது அக்கா" என்றேன்.

"பிறகு பிழைச்சுப்போச்சு எண்டு என்னட்டை வரக்கூடாது."

"வரமாட்டன்."

அன்று அப்பா கடலை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் இருந்தார். உடம்பில் வெள்ளைச் சேட்டு, காலில் புதுச் சப்பாத்து. வாசிக்கத் தொடங்கினேன். முதல் வெற்றிடம் வந்தது. விட்டேன். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பெண் பாவம் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அடுத்த வெற்றிடத்துக்கும் கையைத் தூக்கினேன்.

தொம்!

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அப்பா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த ஒரு வெற்றிடத்தையும் அவர் விடவில்லை. கண்ணீர் என் கண்ணை மறைத்தது. கைகள் நிற்கவில்லை, அவை தம் பாட்டுக்கு ஓடின.

முடிந்ததும் மேடைக்குக் கீழே சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"வலக்கை தடக்கினதோ அப்பா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"தடக்கினது நான்தான் பிள்ளை. முதல் குத்தை விட்டிட்டன்" என்றார்.