போர்ட்டிகோவில் கிடந்த அலுமினியக் கம்பு

போர்ட்டிகோவின் நடுவில் கிடத்தியிருந்த அலுமினியக் கம்புக் கட்டின் மேல் அக்கா உட்கார்ந்திருந்த கோலம் இன்றைக்கும் அப்படியே என் கண்ணில் நிற்கிறது. காலை ஒன்பதரை மணி. நோயாளிகள் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிற நேரம். யூனிபார்ம் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நிர்வாக அதிகாரி அவள் முன்னால் நின்று "எந்திரிங்க" என்று மூன்று முறை சொன்னார். அவள் எழவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குள் நுழைகிற சாலையில் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. நான்கு மாடி, நான்கு பக்கமும் கண்ணாடி. நான் அங்கே ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். தேவதானத்திலிருந்து போய் வருகிறேன். ஊசி, மருந்திலிருந்து துடைப்பம் வரை என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. அக்கா துப்புரவுப் பிரிவுக்குச் சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரி. டாக்டர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவள் ஒன்றைக் கேட்டால், பதில் வரும் வரைக்கும் எதிரில் நின்றுகொண்டே இருப்பாள். மேலே இருப்பவர்களுக்கு அது பிடிக்காது.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் கண்ணாடியை யார், எங்கே நின்று துடைப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை. ஜன்னல் வழியாக வெளியே இறங்கி, சன்ஷேடில் கால் வைத்து, இடுப்பில் ஒரு பழைய துப்பட்டாவைக் கட்டி அதன் மறுமுனையை ஜன்னல் சட்டத்தில் முடிந்துகொண்டு பெண்கள் துடைத்தார்கள். அப்படித் துடைக்கும்போதுதான் முடிச்சு அவிழ்ந்து ஒருத்தி இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். கீழே சைக்கிள் நிறுத்துகிற தகரக் கூரையில் விழுந்ததால் உயிர் தப்பியது, இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷனுக்கு வேண்டிய தகடும் திருகாணியும் என் ஸ்டோரிலிருந்துதான் போயின. மறுநாள் விபத்துக் குறிப்பில் பார்த்தால், படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தது. அக்கா அதை என் மேஜைமேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

"எந்தப் படிக்கட்டுட்டி இது? நானும் இங்கனதான இருக்கேன். எனக்குத் தெரியாத படிக்கட்டு எங்க இருக்கு?"

நான் தகடு, திருகாணிக் கணக்கை ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பெண்ணையும் அவள் சன்ஷேடில் இறங்கவிடவில்லை. கண்ணாடியில் தூசி படிந்தது. அதிகாரி கேட்டபோது, தண்ணீர்க் கம்பு வாங்கித் தாருங்கள், தரையில் நின்றே துடைத்துவிடலாம் என்றாள். அவளுடைய தம்பி துபாயில் இந்த வேலைதான் செய்கிறான். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளுகிற கம்பு, நுனியில் பிரஷ், கம்பு வழியாகவே குழாயில் தண்ணீர் ஏறிப் பிரஷில் வழியும். அவன் அனுப்பிய வீடியோவை மதிய இடைவேளைகளில் என்னிடம் காட்டிக் காட்டி, அந்தக் கம்பைப் பற்றி அறிய வேண்டியது அத்தனையையும் அவள் அறிந்துகொண்டாள். நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி சொல்லி நான் மூன்று கடைகளிலிருந்து விலைப்பட்டியல் வாங்கினேன். ஒன்று அலுமினியம், ஒன்று கண்ணாடி இழை, ஒன்று கார்பன் இழை. மூன்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டு எழுதுவது என் வேலை. விலைக்கு ஒரு கட்டம், கொண்டுவந்து சேர்க்கும் நாளுக்கு ஒரு கட்டம், கேரண்டிக்கு ஒரு கட்டம். அக்கா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல தூக்குறவளுக்கு எந்தக் கட்டம்?"

எனக்குச் சுருக்கென்றது. கம்பின் எடையை நான் எங்கேயும் எழுதவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. சுருக்கி வைத்திருக்கும்போது எந்தக் கம்பும் தூக்குகிற எடையில்தான் இருக்கும் என்று அவள் விளக்கினாள். நான்கு மாடி உயரத்துக்கு நீட்டி, நுனியில் ஈரப் பிரஷும் சேர்ந்து, அண்ணாந்து பார்த்தபடி காலை முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அதன் உண்மையான பாரம் தெரியும். கண்ணாடி இழைக் கம்பு அந்த உயரத்துக்கு வளைந்து ஆடும், தோள்பட்டை போய்விடும். கார்பன் லேசு, விறைப்பாக நிற்கும். நம் பெண்களின் கைக்கு அதுதான் சரி. அலுமினியத்தைப் பற்றி அவள் பேசவே விரும்பவில்லை. ஏனென்றால் ஆஸ்பத்திரியின் முன்பக்கத்தில், கட்டடத்தை ஒட்டியே கரண்ட் லைன் போகிறது.

"கார்பன்லயும் கரண்டு பாயும்னு தம்பி சொல்லுதான். ஈரமாயிட்டா எந்தக் கம்பையும் நம்பக் கூடாதாம். அதனால மத்த மூணு பக்கமும் கார்பன் கம்பு. முன்பக்கம் வயரை மாத்துற வரைக்கும் எந்தக் கம்பும் வேண்டாம். எழுதிக்கோ."

தண்ணீர் விஷயத்தையும் அவள் விடவில்லை. இந்தக் கம்பில் கழுவினால் பிறகு துணியால் துடைப்பது கிடையாது. தானாகக் காய வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீரையும் குடிக்கிற பில்டர் தண்ணீரையும் இரண்டு கண்ணாடித் துண்டில் தெளித்து மொட்டை மாடி வெயிலில் காய வைத்தாள். ஒன்றில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மற்றது சுத்தமாக இருந்தது. அந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனாள். கம்போடு ஒரு பில்டரும் வேண்டும் என்று கேட்கத்தான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"கண்ணாடி கழுவ எதுக்கு இம்புட்டுப் படிப்புங்காரு," என்றாள். சிரிக்கவில்லை.

ஸ்கேன் மெஷின் வாங்கும்போது அதை இயக்குகிறவரை மதுரைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னவர்கள் இவர்கள். கம்பு வாங்கும்போது மட்டும் அதைப் பிடிக்கிறவளுக்கு வாய் இருக்கக் கூடாது.

அதிகாரிக்கு மற்ற மூன்று பக்கங்களைப் பற்றிக் கவலை இல்லை. சாலையில் போகிறவர்கள் பார்ப்பது முன்பக்கத்தை. புதிய பிரிவின் திறப்பு விழா வேறு வந்துகொண்டிருந்தது. இருப்பதிலேயே விலை குறைந்த அலுமினியக் கம்பில் டிக் போட்டார். நான் எழுதிக் கொடுத்த தாளில், நான் போட்ட கட்டத்தில். கரண்ட் லைனைப் பற்றி அந்தத் தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். இடம் இருந்தது. நான் எழுதவில்லை.

கம்பு வந்திறங்கிய காலையில் அதிகாரி போர்ட்டிகோவுக்கு வந்து, முன்பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னார். மூன்று பெண்கள் கம்பை எடுக்கக் குனிந்தார்கள். "அதை வைங்கட்டி," என்று சொல்லிவிட்டு அக்கா அதன்மேல் உட்கார்ந்தாள். மூன்று முறை எழச் சொன்ன பிறகு அவர் குரல் கூடியது.

"வயருக்கும் சுவத்துக்கும் எடம் இருக்கு. ஜாக்கிரதையாப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல."

"அப்ப நீங்களே தூக்கிக் காட்டுங்க சார். செத்த நேரம் போதும். நீங்க எறக்கி வச்ச பொறவு நாங்க தூக்குதோம்."

சொல்லிவிட்டு எழுந்து, கட்டை அவிழ்த்து, ஒரு முனையை அவரை நோக்கி நகர்த்தி வைத்தாள். அவர் கம்பைப் பார்த்தார். அண்ணாந்து வயரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போன் அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை. எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன் அருகில்தான் நின்றிருந்தார். "அக்கா சொல்லுதது சரிதான்," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அடுத்த வாரம் அக்காமேல் விசாரணை வைத்தார்கள். நோயாளிகள் முன்னிலையில் மேலதிகாரியை அவமதித்தது, வேலையைத் தடுத்தது என்று இரண்டு குற்றச்சாட்டு. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா.

"அதிகாரி சொன்ன வேலையைச் செய்ய அவங்க மறுத்தாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆமா சார்."

"நீங்க போகலாம்."

அவ்வளவுதான். எதனால் மறுத்தாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வயரைப் பற்றி, படிக்கட்டில் விழாமல் படிக்கட்டில் விழுந்ததாக எழுதப்பட்டவளைப் பற்றி. எனக்குப் பயமாக இருந்தது. குடும்பம், கஷ்டம் என்று வேறு எதையாவது போட்டு அந்தப் பயத்தை மூட எனக்கு இஷ்டமில்லை. எலக்ட்ரீசியன் அண்ணனையும் கூப்பிட்டார்கள். அவரும் ஒரே ஒரு "ஆமா" சொல்லிவிட்டு வந்தார். வராந்தாவில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அக்காவை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினார்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஸ்டோர் வழியாகத்தான் போனாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர் காதுக்கு விஷயம் போய், அலுமினியக் கம்பு திரும்பிப் போனது. அக்கா சொன்ன அதே கார்பன் கம்பு, அவள் கேட்ட அதே பில்டரோடு வந்தது. பெண்கள் தரையில் நின்று துடைக்கத் தொடங்கினார்கள். அதிகாரி அந்தக் கம்பைச் சுருக்கிய நிலையில் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்து, பணியாளர் பாதுகாப்புக்கு நிர்வாகத்தின் அக்கறை என்று எழுதி வரவேற்பறையில் மாட்டினார். கொஞ்ச நாள் முன்பக்கத்தைத் தொடாமல் இருந்தார்கள். பிறகு ஆண்டு விழா வந்தது. ஆட்கள் வருவதற்கு முன் காலை ஆறரை மணிக்கு முன்பக்கத்தையும் அதே கம்பால் கழுவச் சொன்னார்கள். வயர் அங்கேயேதான் இருந்தது. அதுவே வழக்கமானது. வாரம் ஒருமுறை நான் சீக்கிரமே வந்து ஸ்டோரைத் திறந்து, கம்பை எடுத்துக் கொடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயிலுக்குப் போனேன். வாசலில் செருப்பை விடும்போது அக்கா எதிரே வந்தாள். தலை நிறைய நரைத்திருந்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னாள். தினமும் பஸ்ஸில் எங்கள் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போகிறாளாம்.

"முன்பக்கக் கண்ணாடி பளபளன்னு இருக்கே. வயரை மாத்தியாச்சா?"

"இல்லக்கா."

"பொறவு எப்படித் தொடைக்காக?"

"அந்தக் கம்பை வச்சுத்தான்."

செருப்பில் ஒரு காலை நுழைத்தவள் நின்றாள்.

"எடுத்துக் குடுக்கது யாரு?"

"நான்தான்க்கா."

"அன்னைக்கு நீ பேசாம இருந்தியே, அதைக்கூட நான் விட்டுட்டேன். பயந்துட்டன்னு நெனச்சேன். இது என்னட்டி?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள். நான் கல்யாணத்துக்கு உள்ளே போகவில்லை. அடுத்த பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வாரம் வழக்கமான நாளில் ஆறரைக்கு இரண்டு பெண்கள் ஸ்டோருக்கு வந்து நின்றார்கள். கம்பைத் தர மாட்டேன், முன்பக்கம் யாரும் போக வேண்டாம் என்றேன். அதில் ஒருத்தி, "அப்பாடா" என்று மூச்சு விட்டதைக் கேட்டதும் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கியிருக்கிறாள். கரண்ட் லைன் பக்கம் பயன்படுத்தக் கம்பு வழங்க இயலாது என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதையே ஒரு கடிதமாக எழுதிப் பெரிய டாக்டருக்கும் கொடுத்தேன். எதற்காக மறுக்கிறேன் என்பதோடு, அக்கா எதற்காக மறுத்தாள் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஒன்பது மணிக்கு அதிகாரி போன் செய்து கத்தினார். சாயங்காலம் மெமோ வந்தது. திங்கட்கிழமை விசாரணைக்கு வர வேண்டுமாம்.

எலக்ட்ரீசியன் அண்ணனிடம் மெமோவைக் காட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எம் பேரையும் சாட்சின்னு போட்டுக்கோங்க," என்றார்.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. கேட்டால் அவள் போனை வைத்துவிடுவாள். கம்பைப் பூட்டி வைத்ததையும் மெமோ வந்ததையும் மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"திங்கக்கெழம எத்தன மணிக்கு?" என்றாள்.

"பத்துக்குக்கா."

"லீவு சொல்லிட்டு வாரேன்."